பையில் இருந்த பைப் துண்டு

தம்பி,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ பத்துக் கேள்வி கேட்பாய். பேங்கில் லோன் கேட்டு வருகிறவர்களைக் குடைந்து குடைந்து உனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன், நாற்பது வருஷம் கொத்துக்கரண்டி பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் அம்மா எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். "எழுதுறதுதான் எழுதுறீக, சுத்தி வளைக்காம எழுதுங்க" என்கிறாள். நான் எழுதப்போவதில் பாதி அவளுக்குத் தெரியும். மீதியை உன்னிடமிருந்து வாங்கிப் படித்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் வைத்து என்னைக் கேட்டாய்: "நீங்க எம் பக்கமா, அந்தாளு பக்கமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கப்பா." நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இனிமே இந்த வீட்டு விஷயத்துல தலையிடாதீங்க. கல்யாணத்தன்னைக்கு வந்தாப் போதும்" என்றாய். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மேடையேறினால் போட்டோவில் மட்டும்தான் அப்பாவாக இருப்பேன். எனக்கு அது வேண்டாம்.

நடந்ததை முதலில் வரிசையாக வைத்துவிடுகிறேன். கோபத்தில் உனக்கு ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும். விளாங்குடியில் நீ வாங்கியது பழைய வீடு. பாத்ரூமை இடித்துப் புதிதாகப் போட வேண்டும், பொண்ணு வீட்டார் வந்து இறங்கும்போது முகம் சுளிக்கக் கூடாது என்றாய். என்னைக் கேட்காமல் நீயே ஆள் பார்த்தாய். கேட்டால் என் சிநேகிதக்காரர்கள் யாரையாவது கொண்டுவருவேன், அவர்களிடம் கறாராகப் பேச முடியாது என்று நினைத்திருப்பாய். அது சரிதான். செல்வம் என்கிற கொத்தனார் வந்தார். நாற்பது வயது இருக்கும், நாலு ஆள் வைத்து வேலை செய்கிறவர். டைல்ஸ், பைப், கூலி எல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரம் என்று பேசி, அதை வாட்ஸ்அப்பிலும் எழுதி வாங்கிக்கொண்டாய். வேலை பாதி முடிந்தபோது இன்னும் இருபத்து மூவாயிரம் ஆகும் என்றார். சுவருக்குள் இருந்த இரும்புப் பைப் மக்கிப்போயிருந்தது, அதை மாற்றிவிட்டேன் என்றார். நீ ஒரு பைசா கூடத் தர முடியாது என்றாய். அவர் வேலையை நிறுத்தினார். உடனே எனக்குப் போன். "நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா அடங்கிருவான்ப்பா. உங்களுக்குத் தெரியாத தொழிலா?"

வந்தேன். தரை உடைந்து, சுவரில் பாதி டைல்ஸும் பாதி வெறும் பூச்சுமாக இருந்த அந்த பாத்ரூமில் நாம் மூன்று பேர் நின்றோம். செல்வம் மூலையில் கிடந்த பைப் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு முழம் இருக்கும். "அண்ணே, நீங்களே பாருங்க. இத உள்ள வச்சு அப்படியே டைல்ஸ் ஒட்டியிருந்தா ஆறே மாசத்துல சுவரு பூரா ஊறிப்போகும். நான் சொல்றது பொய்யாண்ணே?" என்றார். நீ சிரித்தாய். "எந்த வீட்ல இருந்து பொறுக்கிட்டு வந்தீங்க இத?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீங்க சொல்லுங்கப்பா. இது நம்ம வீட்டுப் பைப்தானா?"

நான் அந்தத் துண்டைக் கையில் வாங்கினேன். இரண்டு முனையையும் பார்த்தேன். கீழே வைத்தேன். பேசவில்லை. "பாத்தீங்களா, அப்பாவாலயே ஒண்ணும் சொல்ல முடியல" என்று செல்வத்திடம் சொன்னாய். அதற்குப் பிறகு நீ சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். செல்வம் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ரசமட்டத்தையும் கரண்டியையும் சாக்கில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். "உங்க ஆளுக யாரையாவது விட்டு மிச்சத்த முடிச்சிருங்கப்பா" என்றாய். "எவனும் வர மாட்டான் தம்பி, அந்தக் கொத்தனார் கணக்க முடிச்சு விடு" என்றேன். அப்போதுதான் யார் பக்கம் என்று கேட்டாய்.

அந்தப் பைப் உன் வீட்டுப் பைப்தான். ஒரு முனையில் ரம்பம் வைத்து அறுத்த இடம் இன்னும் பளபளவென்று இருந்தது. பழைய துண்டாக இருந்தால் அறுத்த வாயிலும் துரு ஏறியிருக்கும். நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த சிமெண்டில் உன் பாத்ரூமில் அடித்திருந்த அதே பச்சைப் பெயிண்ட் ஒரு நகக்கண் அளவு இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் நின்றேன். நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்: அன்றைக்கு நான் உன் பக்கம் நிற்கவில்லை, செல்வம் பக்கமும் நிற்கவில்லை. என் மானம் போய்விடக் கூடாது என்று என் பக்கம் நின்றேன். "எந்த வீட்ல இருந்து பொறுக்கிட்டு வந்தீங்க" என்று நீ கேட்டாயே, அந்தக் கேள்வி அவருக்கு உரியது இல்லை. அது எனக்கு உரியது. பதின்மூன்று வருஷம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் ரேட் எப்படிச் சொல்வோம் என்று உனக்கு நான் சொன்னதில்லை. வீட்டுக்காரர் மூன்று கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்பார். மூவரில் உள்ளதை உள்ளபடி சொல்கிறவனுக்கு வேலை கிடைக்காது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கொம்பனுக்கும் வெளியிலிருந்து தெரியாது, உடைத்தால்தான் தெரியும். அதனால் ஒரு லட்சம் ஆகிற வேலையை எண்பது என்று சொல்லிப் பிடிக்க வேண்டும். வேலையைப் பிடிக்க ஒரு ரேட், முடிக்க ஒரு ரேட். எண்பதில் முடியாது என்று வீட்டுக்காரருக்கும் மனசுக்குள் தெரியும். தெரிந்தே எண்பது என்றவனைக் கூப்பிடுவார்; பிறகு எண்பதுதானே சொன்னாய் என்று தெருவில் நின்று கத்துவார். நீயும் மூன்று பேரைக் கேட்டாய். அதில் ஒருவர் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னார், கொள்ளைக்காரன் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தாய். இப்போது செல்வம் கேட்பதை எல்லாம் கூட்டிப் பார். கொள்ளைக்காரர் சொன்னதைவிட இரண்டாயிரம் குறைவு.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஒரு கொத்தனார் கை வைத்த வேலையை, அவர் கணக்கு முடியாமல் இன்னொரு கொத்தனார் தொட மாட்டார். அடுத்தவன் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி என்று சொல்வோம். பாதி வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் விரட்டிவிட்டு, வேறு ஆளை வைத்து முடித்துக்கொள்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்களுக்காக ஏற்பட்டது அது. நல்ல பழக்கம்தான். நான் அதைக் கெட்டதற்கும் பயன்படுத்தினேன். வேலை பிடித்த முதல் நாளே மொத்தத்தையும் உடைத்துப் போட்டுவிடுவேன். தரை, சுவர், கக்கூஸ் எல்லாம். அன்றைக்குப் பணம் பற்றிப் பேச மாட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மெதுவாக ஆரம்பிப்பேன். அதற்குள் அந்த வீட்டுக்காரரால் என்னையும் விட முடியாது, வேறு ஆளையும் கூப்பிட முடியாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். நான் பிடுங்குவதற்காகவே உடைத்தேன்.

சும்மா கேட்டால் நம்ப மாட்டார்கள், காட்ட வேண்டும். அதற்குத்தான் என் சாமான் பையில் ஒரு பைப் துண்டு இருந்தது. எங்கேயோ ஒரு பழைய வீட்டில் உண்மையாகவே மக்கி வந்த துண்டு. விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிரும். அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டேன். எத்தனை வீட்டில் காட்டினேன் என்று ஞாபகமில்லை. எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை என்று சொன்னால் நீ நம்ப வேண்டும். என் அப்பா பேரையூர்ப் பக்கம் காடுகரையில் கூலிக்கு அறுக்கப் போனவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பேசிய கூலியைக் குறைத்துத்தான் அவருக்குக் கொடுப்பார்கள். ஒருநாளும் முழுசாக வாங்கி வந்து நான் பார்த்ததில்லை. பேசியதற்கு மேல் நான் வாங்கியபோது, எங்களுக்கு வரவேண்டியது எப்படியோ சுற்றி வருகிறது என்றுதான் நினைத்தேன். யாரிடம் விட்டது, யாரிடம் பிடுங்குகிறோம் என்று யோசிக்கவில்லை.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம். முதல் பீஸ் கட்ட சனிக்கிழமை கடைசி நாள். எங்கெங்கோ புரட்டியும் எட்டாயிரம் துண்டு விழுந்தது. அப்போது எனக்கு விளாங்குடியில் ஒரு வேலை இருந்தது. சத்துணவு டீச்சர் என்று தெருவே கூப்பிடும் ஒரு அம்மா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சத்துணவு போடும் பொறுப்பில் இருந்தவர். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். குத்தவைத்து உட்காருகிற பழைய கக்கூஸை எடுத்துவிட்டு உட்காருகிற மாதிரி போட வேண்டும், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி வைக்க வேண்டும். இருபத்திரண்டாயிரத்துக்குப் பேசினோம். திங்கட்கிழமை போய் வழக்கம்போல் உடைத்தேன், பைப் ஓடுகிற சுவரை மட்டும் மிச்சம் வைத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையைத் திறந்தேன்.

"டீச்சரம்மா, பைப் பூரா மக்கிப் போச்சு. இப்படியே மூடுனா ஒழுகும். இன்னும் எட்டாயிரம் ஆகும்மா" என்றேன். அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இங்கருந்து எடுத்ததா?"

"ஆமாம்மா, தரைய உடைக்கிறப்ப வந்துச்சு."

அவர் கொஞ்ச நேரம் உடைந்து கிடந்த தரையைப் பார்த்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. வெள்ளிக்கெழம முடிஞ்சிரும்ல?" என்றார். முடிந்துவிடும் என்றேன். மறுநாள் காலையில் பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எங்கே புரட்டினார் என்று நான் கேட்கவில்லை. பணம் வாங்கிய பிறகுதான் அந்தச் சுவரை உடைத்தேன். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் பைப் ஓடியது, ஒரு கீறல் இல்லாமல். வெளியே மாடியிலிருந்து இறங்கும் குழாய் இரும்பாக இருந்ததால் உள்ளேயும் இரும்பு என்று நினைத்துவிட்டேன். உளியும் கையுமாகச் சற்று நேரம் நின்றேன். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். சட்டைப் பையில்தான் இருந்தது. சிமெண்ட் குழைத்து மூடிவிட்டேன். மற்றபடி வேலையில் குறை வைக்கவில்லை. தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்து, கைப்பிடியில் நானே தொங்கிப் பார்த்து முடித்தேன். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்காரரை நாலு பேர் தாங்கிக் கொண்டுவந்தபோது நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை உன் பீஸைக் கட்டினோம்.

அதோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வீட்டில் அந்தத் துண்டைக் காட்டியிருக்கிறேன். ஒருநாள் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினேன், துண்டு அதோடு போனது. புதிதாக ஒன்று தேடவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த டீச்சர் தெருப் பக்கம் மட்டும் போவதை நிறுத்தினேன். நீ விளாங்குடியில் வீடு பார்த்திருக்கிறேன் என்றபோது தண்ணீர் உப்பு, வேண்டாம் என்று சொன்னேனே, அது பொய். நல்ல தண்ணீர்தான். அந்த அம்மா வீடு உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டில் இறங்கினால் அவர் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வாய்க்கால் ஓரமாகச் சுற்றி வருவேன். "ஏன்ப்பா இப்படி வர்றீங்க" என்று கேட்டாய், முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். இரண்டு நாள் தங்குங்கள் என்றாலும் சாயங்காலமே கிளம்பிவிடுவேன். அப்பாவுக்கு என் வீடு பிடிக்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். உன் வீடு எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி. நம் வம்சத்தில் முதல்முதலாகப் பத்திரம் பதிந்து வாங்கிய வீடு. அங்கே கால் நீட்டிப் படுக்க முடியவில்லையே என்று எனக்குத்தான் வருத்தம்.

திங்கட்கிழமை செல்வத்தைத் தேடிப் போனேன். அவர் வீடும் இங்கே அவனியாபுரத்தில்தான், நம் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்து நிமிஷம். வாசலில் உட்கார்ந்து டைல்ஸ் அறுக்கிற மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கண்ணே என்றார், சேர் எடுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பைப் என் மகன் வீட்டுப் பைப்தான் என்று எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரியும்ணே. நீங்க கையில வாங்கி முனையத் திருப்பிப் பாத்தீகள்ல, அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு எனக்கும் தெரியும்" என்றார். துணியை மடித்து வைத்தார். "உங்க மகன் வஞ்சதுகூடப் பெருசில்லண்ணே. வீட்டுக்காரக வையத்தான் செய்வாக. தொழில் தெரிஞ்ச மனுசன் நீங்க தெரிஞ்சுக்கிட்டே பேசாம நின்னீகளே. அதான் எனக்கு நேத்துலருந்து சோறு எறங்கல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதறிப்போய், அதெல்லாம் எதுக்குண்ணே என்றார். பிறகு நானும் ஒன்று கேட்டேன். "மாத்துறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல செல்வம்?"

"சொன்னா வேலைய நிப்பாட்டி யோசிப்பாகண்ணே. அவுக யோசிக்கிற வரைக்கும் நாலு ஆளுக்கு எவன் கூலி குடுக்குறது? செஞ்சுட்டுச் சொன்னா குடுத்துருவாகன்னு நெனச்சேன்."

செல்வத்தின் தப்பு அதுதான். பொய் சொல்லவில்லை, முதலில் சொல்லவில்லை. இருபத்து மூவாயிரத்தையும் நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுவரிலும் பைப் மாற்றியது, மறுபூச்சு, கசிவு அடைக்கும் மருந்து, நாலு ஆள் இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதாயிரம் நியாயமாக வரும். மீதி நாலாயிரம் எதுக்கு என்று கேட்டேன். முதல்முறையாகச் சிரித்தார். "உங்க மகன் குறைப்பாருல்லண்ணே, அதுக்கு வச்சது." நீ குறைத்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார். நீ குறைக்காமல் அந்த வார்த்தையைச் சொன்னாய். பத்தொன்பதாயிரத்துக்கு அவர் சம்மதித்துவிட்டார். ஆனால் நான் கூப்பிட்டால் வர மாட்டாராம். உன் வாயால் கூப்பிட வேண்டும் என்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

செல்வம் சொன்ன அந்தச் சோறு இறங்கவில்லை என்கிற வார்த்தை எனக்குள் கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பேங்கில் எட்டாயிரம் எடுத்துக்கொண்டு விளாங்குடி போனேன். மெயின் ரோடு ஸ்டாப்பில் இறங்கினேன். டீச்சருக்கு எழுபது தாண்டியிருக்கும். கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொத்தனாரு தானே?" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வீட்டுக்காரர் அந்த பாத்ரூமில் ஆறு வருஷம் கைப்பிடியைப் பிடித்துத் தானே எழுந்து நடந்துவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். நான் கவரை எடுத்து முன்னால் வைத்தேன். "அன்னைக்கு நான் காட்டுன பைப் உங்க வீட்டுப் பைப் இல்லம்மா. வேற எடத்துல எடுத்தது. உங்ககிட்ட கூடுதலா வாங்குன எட்டாயிரம் இது" என்றேன்.

அவர் கவரைப் பிரித்து எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "சரியா இருக்கு" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் கொத்தனாரே" என்றார்.

"என்னம்மா தெரியும்?"

"அதுக்கு நாலு வருசத்துக்கு முன்னாடிதான் சீட்டு எடுத்து உள்ள பூரா பிளாஸ்டிக் பைப் போட்டேன். நீங்க துருப்பிடிச்ச இரும்பக் கொண்டாந்து ஆட்டுறீக."

"அப்பறம் ஏன்மா குடுத்தீக?" என்றேன்.

"உடைச்சுப் போட்டுட்டீகளே. வெள்ளிக்கெழம அவர எங்க கொண்டுபோய் வைக்க? நான் ஒண்ணு கேட்டு, நீங்க கோவிச்சுட்டுப் போயிட்டா வேற ஆளும் வர மாட்டான்னு பக்கத்து வீட்ல சொன்னாக. அதான் பேசாம இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, துணி நனைந்தது என்பது போல் சொன்னார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. ஏமாற்றிவிட்டேன் என்று பதின்மூன்று வருஷம் வெட்கப்பட்டேன். நான் யாரையும் ஏமாற்றவே இல்லை. தெரிந்து நின்ற ஒரு பொம்பளையை வாய் திறக்க முடியாமல் செய்து வாங்கியிருக்கிறேன். அது திருட்டு இல்லை, வழிப்பறி. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. அவர் விடவில்லை, இன்னும் ஒன்று சொன்னார். பரவையில் இருக்கிற அவர் சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு என்னைத்தான் சொல்லி அனுப்பினாராம். "வேலை சுத்தம், ஒரு சொட்டு ஒழுகாது. ஆனா பேசுனதுக்கு மேல பத்தாயிரம் எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லித்தான் விட்டேன்" என்றார். அந்த வேலைகள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டவுடனே முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். என் பேச்சுச் சாமர்த்தியம் என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

கிளம்பும்போது கேட்டார். "ஆமா, அன்னைக்கு எதுக்கு அம்புட்டு அவசரம் உங்களுக்கு?"

"பையனுக்கு காலேஜ் பீஸ்ம்மா."

"முடிச்சானா?"

"முடிச்சு பேங்க்ல இருக்கான். இங்கதான், ரெண்டு தெரு தள்ளி வீடு வாங்கியிருக்கான். இன்னும் மூணு வாரத்துல கல்யாணம்."

"ரெண்டு தெருவுல இருந்துக்கிட்டு எனக்குப் பத்திரிகை இல்லையா?" என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்து முறையாகத் தட்டு வைத்துப் பத்திரிகை கொடுக்கிறேன் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. நீ என்னோடு பேசுவதே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் கேட் வரை வந்தார். கொண்டியைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"கூட்டிட்டு வாங்க. ஆனா அவன்கிட்ட எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க. இங்க கொண்டாந்து உக்கார வச்சுட்டுச் சொல்லாதீக."

அதனால்தான் தம்பி இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெயின் ரோடு ஸ்டாப்பில் வெற்றிலைத் தட்டோடு இறங்குவேன். அதற்குள் நீ செல்வத்தைக் கூப்பிட்டிருந்தாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி. ஸ்டாப்புக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டால் நான் மட்டும் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு, மகன் வரவில்லை, அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொல்வேன்.

அப்பா